டி-செல் புரதத்தில் கொழுப்பு ஒட்டியிருக்கிறதா? அளக்க எந்த முறையைத் தேர்வது

போன மாதம் எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த ஆய்வு மாணவி ஒருவர், நான்கு முறைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். "அக்கா, லாட் புரதத்தில் பால்மிட்டேட் ஒட்டியிருப்பதைப் பார்க்க இவற்றில் எது நல்ல முறை?" என்று கேட்டார். அரை மணி நேரத்தில் சொல்லி முடித்துவிடலாம் என்று தொடங்கினேன். மாலை வரை பேசிக்கொண்டிருந்தோம். அன்று சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். தவறான முறையைப் பிடித்துக்கொண்டு ஒரு வருடத்தைத் தொலைத்தவர்களை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்த வருடம் திரும்பி வருவதில்லை.

லாட் என்பது, நோய் எதிர்ப்பு வேலை செய்யும் வெள்ளணு வகையான டி-செல்லின் சவ்வில் பொருந்தியிருக்கும் இணைப்புப் புரதம். டி-செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பி எதிரியை அடையாளம் கண்டதும் ஸாப்-70 என்ற நொதி லாட்டின் டைரோசின் என்ற அமினோ அமிலங்களில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அந்தப் பாஸ்பேட்டுகளைப் பற்றிக்கொண்டுதான் அடுத்தடுத்த புரதங்கள் வந்து கூடுகின்றன. லாட் இல்லாவிட்டால் செய்தி பாதி வழியிலேயே நின்றுவிடும். இந்தப் புரதத்தின் 26, 29 ஆகிய இடங்களில் உள்ள சிஸ்டீன் என்ற, கந்தகம் கொண்ட இரண்டு அமினோ அமிலங்களில், 16 கார்பன் நீளமுள்ள பால்மிட்டிக் அமிலம் (பால்மிட்டேட்) தயோயெஸ்டர் என்ற கந்தகப் பிணைப்பால் ஒட்டியிருக்கிறது. 1998இல் வெளிவந்த ஆய்வில் இந்தச் சிஸ்டீன்களை மாற்றிப் பார்த்தார்கள். லாட் சவ்வின் கொழுப்புச் செறிந்த பகுதிகளில் போய்ச் சேரவில்லை. ஏற்பியைத் தூண்டியும் அதில் பாஸ்பேட் சரியாக ஏறவில்லை.

எல்சிகே என்ற கைனேஸின் (பாஸ்பேட் ஏற்றும் நொதியின்) கதை இன்னும் சுவையானது. அதன் தலைமாட்டில், 2ஆம் இடத்துக் கிளைசினில், 14 கார்பன் கொண்ட மிரிஸ்டிக் அமிலம் இருக்கிறது. புரதம் ரைபோசோமில் உருவாகிக்கொண்டிருக்கும்போதே அது ஏற்றப்படுகிறது, ஏறியபின் இறங்குவதில்லை. அதை ஒட்டி 3, 5ஆம் இடங்களில் உள்ள சிஸ்டீன்களில் பால்மிட்டேட் இருக்கிறது. அது ஏறும், இறங்கும், மறுபடியும் ஏறும். ஏற்றுவதற்கு மனித உடலில் டி.எச்.எச்.சி. குடும்பத்து நொதிகள் 23 உள்ளன, இறக்குவதற்கு ஏ.பி.டி.-1, ஏ.பி.டி.-2, ஏ.பி.எச்.டி.-17 போன்றவை. ஏறி இறங்கும் இந்தத் தன்மைதான் நோய் எதிர்ப்பு ஆய்வாளர்களை இதன் பக்கம் இழுக்கிறது. செயலிழந்து கிடக்கும் டி-செல்களில் லாட்டின் பால்மிட்டேட் மட்டும் குறிப்பாகக் குறைந்துபோகிறது என்று 2006இல் ஓர் ஆய்வு காட்டியது. அதே செல்களில் ஃபின் என்ற கைனேஸின் பால்மிட்டேட்டுக்கு ஒரு குறையும் இல்லை. அந்த ஆய்வைப் படித்த நாளிலிருந்து, இதைச் சரியாக அளப்பது எவ்வளவு முக்கியம் என்ற எண்ணம் என்னைவிட்டுப் போகவில்லை.

முறைக்குப் போகும் முன் கேள்வியைக் கூர்மையாக்கிக்கொள்ள வேண்டும். கொழுப்பு இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. நூறு லாட் மூலக்கூறுகளில் எத்தனையில் இருக்கிறது என்பது வேறு கேள்வி. எவ்வளவு வேகமாக ஏறி இறங்குகிறது என்பது மூன்றாவது. அது இல்லாவிட்டால் டி-செல்லுக்கு என்ன ஆகும் என்பது நான்காவது. இவை நான்குக்கும் விடை சொல்லும் ஒற்றை முறை கிடையாது. மாணவியின் தாளில் இருந்த நான்கு பெயர்களும் ஒரே வேலைக்கான நான்கு கருவிகள் என்று அவர் நினைத்திருந்தார். குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது.

பெயரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கீழே வரும் பயோட்டின் மாற்று முறைக்கும் பெக் மாற்று முறைக்கும் ஆங்கிலத்தில் உள்ள சுருக்கப் பெயர்களைத் தமிழில் எழுதினால் இரண்டுமே ஏ.பி.இ. என்றாகிவிடும். ஆய்வகப் பேச்சிலும் ஒன்றைச் சொல்ல, கேட்பவர் மற்றொன்றைப் புரிந்துகொள்வது நடக்கிறது. அதனால் சுருக்கங்களை விட்டுவிட்டு, அவை செய்யும் வேலையைக் கொண்டே அழைக்கிறேன்.

கதிரியக்க முறையை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். டிரிட்டியம் ஏற்றிய பால்மிட்டிக் அமிலத்தைச் செல்லுக்குக் கொடுத்து, புரதத்தைப் பிரித்து, புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லைப் படச்சுருளின்மேல் வைத்துக் காத்திருக்க வேண்டும். டிரிட்டியத்தின் கதிர் வலுவற்றது என்பதால் பட்டை தெரிய வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். இந்தத் துறையின் அடிப்படை உண்மைகள் பலவும் இந்தப் பொறுமையில்தான் கிடைத்தன. அதற்கு என் வணக்கம். இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது மாற்று வேதியியல், அதாவது கொழுப்பைக் கழற்றி அதன் இடத்தில் வேறொன்றை மாட்டுவது. முதலில், காலியாக உள்ள எல்லாச் சிஸ்டீன்களையும் என்-எத்தில்மலீமைடு போன்ற ஒன்றால் அடைத்துவிட வேண்டும். பிறகு, நடுநிலையான பி.எச். அளவில் ஹைட்ராக்ஸிலமின் சேர்த்தால் தயோயெஸ்டர் பிணைப்பு அறுந்து பால்மிட்டேட் கழன்றுவிடும். அது இருந்த இடத்தில் புதிதாக ஒரு தயோல் (கந்தக-ஹைட்ரஜன் தொகுதி) வெளிப்படும். அந்தத் தயோலைப் பிடித்தால், கொழுப்பு இருந்த புரதத்தைப் பிடித்ததாகிவிடும். எதை வைத்துப் பிடிக்கிறோம் என்பதில்தான் முறைகள் பிரிகின்றன. பயோட்டினை ஏற்றி, அதை இறுகப் பற்றும் ஸ்ட்ரெப்டாவிடின் மணிகளால் எடுப்பது பயோட்டின் மாற்று முறை. ஈஸ்ட்டின் பால்மிட்டேட் புரதங்களை ஒட்டுமொத்தமாகப் பட்டியலிட்ட 2006ஆம் ஆண்டு ஆய்வு இதைத்தான் பயன்படுத்தியது. தயோலை நேரடியாகப் பிடிக்கும் பிசின் மணிகளில் சேர்ப்பது பிசின் பிடிப்பு முறை, 2011இல் வெளியானது. இதில் ஹைட்ராக்ஸிலமினும் மணியும் ஒரே குழாயில் சேர்ந்து வேலை செய்வதால் ஒரு கட்டம் மிச்சமாகிறது.

அந்த ஒரு கட்டம் டி-செல் ஆய்வில் பெரிய விஷயம். ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையில் புரதத்தை வீழ்படிவாக்கி, கழுவி, மறுபடியும் கரைக்க வேண்டும். கழுவும்போதெல்லாம் கொஞ்சம் போய்விடும். குளோரோஃபார்மும் மெத்தனாலும் சேர்த்துச் சுழற்றியபின், இரண்டு திரவங்களுக்கும் நடுவில் மெல்லிய வெண்படலமாகப் புரதம் மிதக்கும். மேலே உள்ள நீரைப் பிப்பெட்டால் எடுக்கும்போது முனை அந்தப் படலத்தைத் தொட்டுவிட்டால், காலையிலிருந்து செய்த வேலையில் பாதி போய்விட்டது என்று பொருள். ஓய்விலிருக்கும் டி-செல்லில் உட்கருவைச் சுற்றி மெல்லிய விளிம்பாகத்தான் சைட்டோபிளாசம் இருக்கிறது. பத்து லட்சம் செல்களை உடைத்தாலும் கிடைக்கும் புரதம் சொற்பமே. கல்லீரல் செல்லில் வேலை செய்பவர்கள் தாராளமாகச் செலவழிக்கலாம், நாம் முடியாது. ஆகவே இரத்தத்திலிருந்தோ எலியின் மண்ணீரலிலிருந்தோ எடுத்த டி-செல்கள் என்றால் பிசின் பிடிப்பு முறைதான் என் தேர்வு. வளர்ப்புச் செல்கள் ஏராளமாக இருந்து, நிறை நிறமாலைமானியில் புரதங்களை மொத்தமாக அடையாளம் காணப் போகிறீர்கள் என்றால் பயோட்டின் முறைக்கும் தாராளமாகப் போகலாம்.

இரண்டிலும் உயிர்நாடி ஒன்றுதான்: மாதிரியைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஹைட்ராக்ஸிலமினும் மறுபாதிக்கு உப்புக்கரைசலும் சேர்ப்பது. ஹைட்ராக்ஸிலமின் உள்ள தடத்தில் பட்டை இருந்து, இல்லாத தடம் வெறுமையாக இருந்தால்தான் அது முடிவு. நான் இதைக் கற்ற வருடம் மூன்று வாரங்கள் எந்தத் தடத்திலும் எதுவும் தெரியவில்லை. பால்மிட்டேட் உள்ள, எப்போதும் தெரியவேண்டிய கால்நெக்சின் புரதம்கூடத் தெரியவில்லை. ஆன்டிபாடியைச் சந்தேகித்தேன், மணிகளைச் சந்தேகித்தேன், செல்களைக்கூடச் சந்தேகித்தேன். கடைசியில், குப்பியில் மிச்சமிருந்த ஹைட்ராக்ஸிலமின் கரைசலில் பி.எச். தாளை நனைத்துப் பார்த்தேன். தாள் சிவந்தது. நாம் வாங்கும் தூள் ஹைட்ராக்ஸிலமினின் ஹைட்ரோகுளோரைடு உப்பு. தண்ணீரில் கரைத்தால் அமிலமாகத்தான் இருக்கும். சோடியம் ஹைட்ராக்ஸைடு சேர்த்து நடுநிலைக்குக் கொண்டுவராவிட்டால் அது பிணைப்பை அறுக்காது. எங்களிடமிருந்த செய்முறைத் தாளில் அந்த வரி விடுபட்டிருந்தது. இன்றும் அந்தக் கரைசலை அன்றன்றைக்குத்தான் தயாரிக்கிறேன், பி.எச். பார்க்காமல் ஒரு துளிகூடச் சேர்ப்பதில்லை.

மாற்று வேதியியலின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். தயோயெஸ்டர் எங்கிருந்தாலும் ஹைட்ராக்ஸிலமின் அறுக்கும். யூபிக்விட்டின் என்ற சிறு புரதத்தைச் சுமக்கும் நொதிகளிலும் தயோயெஸ்டர் உண்டு. அவையும் பட்டியலில் வந்து நிற்கும். அறுந்துபோன கொழுப்பு எது என்பதும் தெரியாது: பால்மிட்டேட்டா, 18 கார்பன் உள்ள ஸ்டியரேட்டா என்று இந்த முறையால் சொல்ல முடியாது. ஒரு நன்மையும் இருக்கிறது. எல்சிகேயின் மிரிஸ்டேட் அமைடு பிணைப்பில் இருப்பதால் ஹைட்ராக்ஸிலமினுக்கு அசையாது. இரண்டு கொழுப்புகளைச் சுமக்கும் புரதத்தில் ஒன்றை மட்டும் தனியே பார்க்க முடிகிறது என்பது எல்சிகே ஆய்வாளருக்குக் கிடைத்த வரம்.

இனி பெக் மாற்று முறை. அடைப்பதும் அறுப்பதும் முன்போலவேதான். வெளிப்பட்ட தயோலைப் பிடித்து இழுப்பதற்குப் பதிலாக, அதன்மேல் 5 அல்லது 10 கிலோடால்டன் எடையுள்ள பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) சங்கிலியை ஏற்றிவிடுகிறோம். புரதம் கனத்துப்போய் ஜெல்லில் மேலேயே நின்றுவிடும். ஒரு கொழுப்பு இருந்த புரதம் ஒரு படி மேலே, இரண்டு இருந்தது இரண்டு படி மேலே, ஒன்றும் இல்லாதது பழைய இடத்தில். லாட் ஜெல்லில் 36 முதல் 38 கிலோடால்டன் அளவில் ஓடும். அதற்கு மேலே இரண்டு படிகள் ஏணிபோலத் தெரிவதை முதன்முறை பார்த்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். பிசின் முறையில் ஒரு பால்மிட்டேட் உள்ள லாட்டும் இரண்டு உள்ள லாட்டும் ஒரே மணியில் ஒரே பட்டையாகத்தான் வரும். செயலிழந்த டி-செல்லில் லாட் இரண்டையும் இழக்கிறதா, ஒன்றை மட்டுமா? பாதிச் செல்கள் முழுவதையும் இழக்கின்றனவா, எல்லாச் செல்களும் பாதியை இழக்கின்றனவா? முதல் கேள்விக்கு இந்த ஏணி நேராகவே விடை சொல்லும். இரண்டாவதற்கு இதனாலும் முழு விடை கிடைக்காது, ஏனென்றால் எல்லாச் செல்களையும் ஒன்றாகத்தானே உடைக்கிறோம். 2016இல் இந்த முறையை விரிவாக விளக்கிய கட்டுரை வந்தபின் சிறிய ஆய்வகங்களுக்கும் இது எட்டியிருக்கிறது. தேவைப்படுவது பெக் மலீமைடும் நல்ல ஆன்டிபாடியும் மட்டும்தான்.

அந்த 'நல்ல ஆன்டிபாடி' என்பதில்தான் சிக்கல். கனத்த பெக் ஏறிய புரதம் ஜெல்லிலிருந்து, ஆன்டிபாடியால் சோதிக்கும் சவ்வுத்தாளுக்கு எளிதில் மாறாது. சில ஆன்டிபாடிகளுக்கு அது அடையாளமும் தெரியாது. மேல் பட்டை மங்கலாக இருந்தால், பால்மிட்டேட் குறைவு என்றும் இருக்கலாம், பெக் மறைக்கிறது என்றும் இருக்கலாம். அதனால் இதை எண்ணிக்கைக்கு வைத்துக்கொண்டு, இருக்கிறதா இல்லையா என்பதைப் பிசின் முறையால் உறுதிசெய்துகொள்வது நல்லது.

மாணவியின் மனம் சென்றது என்னவோ கிளிக் முறையின் பக்கம்தான். அதில் வியப்பில்லை; 2022ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசே கிளிக் வேதியியலுக்குத்தான் கிடைத்தது. பால்மிட்டிக் அமிலத்தைப் போன்ற, வால்முனையில் ஆல்கைன் உள்ள ஒரு கொழுப்பு அமிலத்தைச் செல்லுக்கு உணவாகக் கொடுக்கிறோம். 17-ஆக்டாடெகைனாயிக் அமிலம் பரவலாகப் பயன்படுவது. செல் அதைத் தன் கொழுப்பு என்றே எண்ணிப் புரதத்தில் ஏற்றிவிடும். பிறகு செல்லை உடைத்து, தாமிரத்தின் துணையோடு, ஒளிரும் மூலக்கூற்றை அந்த வாலில் கோத்துவிடலாம். உயிருள்ள செல்லில், நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடப்பதைப் பார்க்க இது ஒன்றுதான் உகந்த வழி. 2010இல் ஒரு குழு இரண்டு அடையாளங்களை ஒரே நேரத்தில் பயன்படுத்தியது. கொழுப்புக்கு ஒன்று, புதிதாக உருவாகும் புரதத்துக்கு மற்றொன்று. ஆய்வகத்தில் வளர்க்கும் ஜுர்கட் என்ற மனித டி-செல் வகையைப் பெர்வனடேட் என்ற வேதிப்பொருளால் தூண்டியபோது எல்சிகேயில் பால்மிட்டேட் ஏறி இறங்கும் வேகம் கூடியதை அவர்கள் காட்டினார்கள். மாற்று வேதியியலால் இதைச் சொல்லவே முடியாது. ஏறுவதும் இறங்குவதும் ஒரே அளவில் கூடினால் மொத்த அளவு மாறாது. பிசின் மணியில் பட்டை அப்படியே இருக்கும்.

ஆனால் டி-செல்லில் இந்த முறைக்கு ஒரு பொறி இருக்கிறது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தூண்டப்பட்ட டி-செல் பெருகத் தொடங்குகிறது. பெருகுவதற்குச் சவ்வு வேண்டும், சவ்வுக்குக் கொழுப்பு வேண்டும். அது தானே கொழுப்பு அமிலம் தயாரிக்கும் பாதைகளை முடுக்கிவிடுகிறது, வெளியிலிருந்து இழுப்பதையும் மாற்றிக்கொள்கிறது. நாம் கொடுத்த ஆல்கைன் கொழுப்பு, செல்லின் சொந்தக் கொழுப்போடு கலந்து நீர்த்துப்போகிறது. ஓய்வுச் செல்லில் ஒரு நீர்ப்பு, தூண்டிய செல்லில் வேறொரு நீர்ப்பு. இந்த நிலையில் இரண்டின் பட்டைகளையும் பக்கத்தில் வைத்து "பால்மிட்டேட் குறைந்துவிட்டது" என்று சொன்னால், நாம் அளந்தது புரதத்தையா, செல்லின் கொழுப்புக் கிடங்கையா? சில நிமிடச் சோதனை என்றால் இது அவ்வளவாகத் தொல்லை தராது. இரண்டு நாள், மூன்று நாள் தூண்டிய செல்களை ஒப்பிடுவதென்றால் தொல்லைதான். இதற்குமேல், வளர்ப்பு ஊடகத்தில் உள்ள கன்றுச் சீரத்தின் கொழுப்பு அமிலங்களும் போட்டிக்கு வரும்; கொழுப்பு நீக்கிய ஆல்புமினோடு சேர்த்துக் கொடுத்தால் ஓரளவு சமாளிக்கலாம். எல்சிகே என்றால் இன்னொரு கவனமும் வேண்டும். செல் நீண்ட கொழுப்பைக் குட்டையாக்கும், குட்டையை நீளமாக்கும். ஆகவே ஒளிர்வில் ஒரு பங்கு மிரிஸ்டேட் இடத்தில் உட்கார்ந்திருக்கலாம். ஹைட்ராக்ஸிலமினுக்குக் கழன்று போகும் ஒளிர்வை மட்டுமே பால்மிட்டேட் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இவை எல்லாம் அளப்பதற்கு. பால்மிட்டேட்டால் டி-செல்லுக்கு என்ன ஆகிறது என்பதற்குச் செல்லைத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும். இங்கே பலரும் கை நீட்டுவது 2-புரோமோபால்மிட்டேட்டுக்கு. மலிவு, எளிது, பால்மிட்டேட் ஏறுவதை நிறுத்தும். அதோடு கொழுப்பு அமில வளர்சிதை மாற்ற நொதிகளையும் முடக்கும், நூற்றுக்கணக்கான புரதங்களில் தானே போய் ஒட்டிக்கொள்ளும், பால்மிட்டேட்டை இறக்கும் ஏ.பி.டி. நொதிகளைக்கூடத் தடுக்கும். ஏற்றுவதையும் இறக்குவதையும் ஒருசேரக் கெடுக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு டி-செல் தளர்ந்ததற்குக் காரணம் சொல்வது நியாயம் இல்லை. அதை மட்டுமே நம்பிய கட்டுரை என்றால் நான் முடிவுரையை ஐயத்தோடுதான் படிக்கிறேன்.

சிஸ்டீனை மாற்றிய புரதத்தை, அந்தப் புரதமே இல்லாத செல்லில் வைத்துப் பார்ப்பது நேர்மையான வழி. நமக்கு அதற்கு வசதி இருக்கிறது. ஜுர்கட் வழிவந்த ஜே-கேம் 1.6 செல்லில் எல்சிகே இல்லை, ஜே-கேம் 2.5இல் லாட் இல்லை. ஜே-கேம் 2.5 செல்களில் ஒரு பகுதியில் இயல்பான லாட்டையும், மறுபகுதியில் 26, 29ஆம் சிஸ்டீன்களை மாற்றிய லாட்டையும் வைத்து, ஏற்பியைத் தூண்டி, செல்லுக்குள் கால்சியம் எழுகிறதா என்று பார்க்கலாம். இதிலும் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. பால்மிட்டேட் இல்லாத லாட் வெளிச்சவ்வுக்குச் சரியாக வந்து சேர்வதில்லை. ஆகவே நாம் பார்ப்பது, இடத்துக்கு வந்தபின் கொழுப்பை இழந்த லாட்டை அல்ல. இடத்துக்கே வராத லாட்டை. இரண்டும் ஒன்றல்ல. நொதியின் பக்கமிருந்து போவது இன்னொரு வழி. டி.எச்.எச்.சி.-21 பழுதான எலிகளின் டி-செல்களில் ஏற்பியின் சமிக்ஞை குன்றுவது தெரிய வந்திருக்கிறது. ஆனால் ஒரு நொதி பல புரதங்களுக்குக் கொழுப்பு ஏற்றும் என்பதால், குற்றம் லாட்டுடையதா, எல்சிகேயுடையதா, ஸாப்-70 உடையதா என்று பிரிப்பது கடினம். ஜுர்கட் செல்லில் பி-டென் என்ற தடுப்பு நொதி இல்லை, அதனால் பி.ஐ.-3 கைனேஸ் பாதை எப்போதும் திறந்தே கிடக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. அங்கே கிடைத்த முடிவை உடலிலிருந்து எடுத்த டி-செல்லிலும் ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை பெரிய வேறுபாடு இல்லை. பெக்கும் பிசினும் ஏறத்தாழ ஒரே அளவு, கிளிக் முறைக்குச் சற்று அதிகம். நிறை நிறமாலைமானி வேண்டுமென்றால் அது தனிக்கணக்கு.

மாணவியின் கேள்வி, செயலிழந்த டி-செல்லில் லாட் எவ்வளவு பால்மிட்டேட்டை இழக்கிறது என்பது. அது நாட்கணக்கில் மாறும் நிலை. செல்லின் கொழுப்புக் கிடங்கும் சேர்ந்தே மாறும். அதனால் கிளிக் முறையை இப்போதைக்கு எடுத்து வைக்கச் சொன்னேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. ஒளிரும் ஜெல் படங்களை அவர் மிகவும் விரும்பினார். முதலில் ஜுர்கட்டில் பிசின் பிடிப்பு முறையைக் கை பழகும்வரை செய்வது. கால்நெக்சினும் எல்சிகேயும் ஒவ்வொரு முறையும் தெரிய வேண்டும். பிறகு அதே செல் கரைசலில் பெக் ஏணி. இரண்டும் ஒத்துப்போனபின் எலியின் டி-செல்லுக்குப் போவது. அதற்கும் பிறகுதான் ஜே-கேம் 2.5இல் மாற்றிய லாட். லாட் பால்மிட்டேட்டை இழப்பது உறுதியாகி, அது ஏறாததாலா, சீக்கிரம் இறங்கிவிடுவதாலா என்ற கேள்வி எழும் நாளில் கிளிக் முறையை வெளியே எடுக்கலாம். அன்று அதைவிட்டால் வேறு வழி இருக்காது.

கிளம்பும்போது, "ஹைட்ராக்ஸிலமின் இல்லாத தடத்திலும் லாட் தெரிந்தால் என்ன செய்வது?" என்று கேட்டார். என்-எத்தில்மலீமைடு தண்ணீரில் நிற்காது, சிதைந்துவிடும். பழைய கரைசலைப் பயன்படுத்தினால் தயோல்கள் அடைபடாமல் மிஞ்சிவிடும் என்றேன். அன்றைய மாதிரியை விட்டுவிட்டு, புதிதாகக் கரைத்து, முதல் கட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். அவர் அதைத் தாளின் மேல் ஓரத்தில், நான்கு பெயர்களுக்கும் மேலே எழுதிக்கொண்டார்.